தண்டோரா போட்டவர்களும் தீர்மானம் போட்டவர்களும்



திருவையாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆறுகளும் தியாகராஜர் ஆராதனையும் நினைவுக்கு வரும். நமக்கு இன்னொரு ஓசையும் நினைவிருக்கிறது. வரி கட்டச் சொல்லவும், ஆற்றில் வெள்ளம் வருவதை எச்சரிக்கவும் தெருத்தெருவாகப் போன தண்டோரா அது. அடித்தவர்கள் நம் சேரி ஆட்கள். ஊருக்குச் சேதி சொன்னவர்கள் நாம். அந்தச் சேதியை முடிவு செய்த இடத்தில் நாம் இல்லை. உள்ளாட்சியோடு நமக்கிருந்த உறவின் வரலாறு இதுதான்.

இதை மாற்ற நம் முன்னோர் முதலில் கையில் எடுத்தது பத்திரிகையை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். அதன் விலையே அதன் பெயரும் ஆனது. ஏழையும் வாங்கட்டும் என்பதுதான் எண்ணம். பின்னர் 1924இல் சென்னை சட்டசபையில், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதே சீனிவாசன்தான். பத்திரிகை நடத்தியவரே தீர்மானமும் போட்டார். சேதியும் உரிமையும் வேறுவேறல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது; 1996இல் தேர்தல் நடந்தது. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கிலும் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லை. மனு போட ஆளில்லை, அல்லது வென்றவர் உடனே விலகினார். மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இயக்கங்களும் சிறுபத்திரிகைகளும் இந்த ஊர்ப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தன. 2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது.

வென்றால் மட்டும் போதுமா? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக வென்ற தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியே வந்த பிறகே வழக்கும் நடவடிக்கையும் வந்தன. படம் எடுக்க ஆளில்லாத ஊர்களில் என்ன நடக்கிறது என்று நாம்தான் கேட்க வேண்டும்.

2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். வார்டு உறுப்பினர் இல்லாத நாளில் தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதிகாரியைத் தேடி ஒன்றிய அலுவலகம் போனால் நடவுக்கூலி ஒருநாள் போகும்.

2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்துக்கு அரசு தடை சொன்னது. நாம் வரவேற்றோம். இழிவு போனது நல்லது. ஆனால் அடுத்த கிராமசபை எப்போது, எந்த வார்டு நமக்கு ஒதுக்கப்பட்டது என்ற சேதி காலனித் தெருவுக்குள் வருகிறதா?

ஆகவே திருவையாறு ஒன்றியத்து மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபை நாள் ஒவ்வொன்றுக்கும் முன்பாக ஒரே ஒரு தாள் அச்சடியுங்கள். போன கூட்டத்தின் தீர்மானம் என்ன, வந்த பணம் எவ்வளவு, செலவானது எதற்கு என்று எழுதுங்கள். தேர்தல் வந்தால் இடஒதுக்கீட்டுப் பட்டியலைப் போடுங்கள். 2019இல் வார்டு உறுப்பினர் பதவிக்கு மனு செய்ய நம்மவர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை வெறும் 100 ரூபாய். அது தெரியாமலே ஒதுங்கியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தாளை ரேஷன் கடையில் ஒட்டுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாக்களுக்கு நடவு வரப்பில் நின்று படித்துக் காட்டுங்கள்.

அடுத்தவர் போட்ட தீர்மானத்தை நம் தாத்தாக்கள் தெருத்தெருவாகச் சொன்னார்கள். நம் தீர்மானத்தை நாமே போட்டு நாமே சொல்வோம்.