ஜெயிலுக்குள் சட்டப் புத்தகம்

கெலமங்கலத்தில் எங்கள் சேரிக்காரர்களுக்குக் 'கேஸ்' என்ற சொல் புதிதல்ல. பாதைத் தகராறு, திருவிழாத் தகராறு, கூலித் தகராறு. அடி வாங்கியவன் மேலேயே எதிர்ப்புகார் வந்து விழும். பிறகு ரிமாண்டு, கிளைச்சிறை, வாய்தா. வக்கீல் வைக்க முடிந்தவன் ஆட்டையோ மாட்டையோ விற்று வைப்பான். முடியாதவன் "நானே சொல்லிக்கிறேன் அய்யா" என்று கூண்டில் நிற்பான். தானே வாதாட அவனுக்கு உரிமை இருக்கிறது. எதை வைத்து வாதாடுவது?

இந்த வரலாற்றைத் தொடங்க எங்கள் பக்கத்து ஆளே ஒருவர் இருக்கிறார். ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. சேலத்து வக்கீல். 1921 டிசம்பரில் வேலூர் ஜெயிலுக்குப் போனார், உள்ளே டைரி எழுதினார், அது புத்தகமாயிற்று. படித்தவர் ஜெயிலுக்குப் போனால் புத்தகம் வருகிறது. எங்கள் பாட்டன்மார் போனபோது கைரேகைதான் பதிவாயிற்று.

1929இல் பகத்சிங்கும் தோழர்களும் ஜெயிலில் பட்டினி கிடந்து கேட்டவற்றில் நல்ல சோறு மட்டுமல்ல, புத்தகமும் பத்திரிகையும் இருந்தன. 63 நாள் கிடந்து செப்டம்பர் 13இல் ஜதீன் தாஸ் செத்தார். லாகூர் சதி வழக்கில் பகத்சிங் ஆலோசனைக்கு மட்டும் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு தானே வாதாடினார். 1930இல் வெள்ளைக்காரன் கொடுத்த பதில் ஏ, பி, சி என்ற வகுப்புப் பிரிவினை. சமூக அந்தஸ்து, படிப்பு, வாழ்ந்து பழகிய விதம் பார்த்து மேல் வகுப்பு, மற்றவரெல்லாம் சி. 'சமூக அந்தஸ்து' என்றால் இந்த நாட்டில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1950 பிப்ரவரி 11இல் சேலம் மத்திய சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அரசியல் சட்டம் அமலாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு சென்னை அரசின் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? உன்னை ஏன் பிடித்தோம் என்று எழுதிக் கொடுத்த காரணத்தை நீ கோர்ட்டில்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மே 19 தீர்ப்பில் அந்தப் பிரிவு மட்டும் செத்தது. கோபாலனை விடுதலை செய்யவில்லை.

எனக்கு நெருக்கமான வழக்கு 1962இல் தீர்ப்பான ஹரிகிசன் வழக்கு. மகாராஷ்டிராக்காரர். காவல் ஆணையை இங்கிலீஷில் கொடுத்தார்கள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, இந்தியில் கொடு" என்றார். வாயால் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டோமே என்றது அரசு. அது போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். எங்க ஊர்ல இதை யோசித்துப் பாருங்க. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் மூன்றும் கலந்து. ஆனேக்கல் பக்கம் வேலைக்குப் போய் மாட்டினால் காகிதம் கன்னடத்தில், இந்தப் பக்கம் மாட்டினால் தமிழில், மேலே போனால் இங்கிலீஷில். மூன்று மொழி பேசுகிறவன் ஒரு மொழியிலும் தன் கேஸைப் படிக்க முடியாமல் நிற்கிறான்.

1978இல் ஹோஸ்கோட் வழக்கில், கைதிக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடு, வக்கீலும் கொடு என்றார் கிருஷ்ணய்யர். திகாரிலிருந்து சுனில் பத்ரா எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, கைதிகளின் உரிமைகளை இந்தியில் கையேடாகப் போட்டு உள்ளே கொடுக்கச் சொன்னது 1979 டிசம்பர்த் தீர்ப்பு.

அமெரிக்காவில் 1977இல் இதையே நேராகச் சொன்னவர் தர்குட் மார்ஷல், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. கைதிக்குச் சட்ட நூலகம் கொடு, இல்லையேல் சட்டம் தெரிந்தவர் உதவியைக் கொடு. 1996இல் அதை வெட்டிக் குறுக்கினார்கள். கலிபோர்னியாவில் தானே வாதாடிய ஒருவருக்கு விசாரணைக்கு முன் நூலகமே இல்லை, விசாரணையின்போது ஏறக்குறைய 4 மணி நேரம். அந்த உரிமை தெளிவாக நிலைநாட்டப்படவில்லை என்று 2005இல் கைவிரித்தது அதே கோர்ட்.

நம் நாடு புத்தகத்தை விட்டு வக்கீலைப் பிடித்துக்கொண்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் வந்து, 1995 நவம்பர் 9இல் அமலாயிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் என் சித்தப்பா மகன் ஒரு கிளைச்சிறையில் கிடந்தபோது இலவச வக்கீலின் பெயர் தெரிந்திருந்தது, முகம் தெரியவில்லை. அவனுக்கு ஜாமீன் மனு எழுதியது உள்ளே இருந்த இன்னொரு கைதி. கூலி ஒரு கட்டு பீடி. இப்படி எழுதிக் கொடுத்த ஒரு டென்னஸி கைதியைத் தண்டித்தது செல்லாது என்று அமெரிக்கக் கோர்ட் 1969இலேயே சொல்லியிருக்கிறது. அந்த மனு எழுதுகிறவர்களுக்கும் 2024 ஜூலை 1இல் ஓர் அடி விழுந்தது. குற்ற நடைமுறைச் சட்டம் போய் வாயில் நுழையாத பெயரில் புதுச்சட்டம். மனப்பாடமாக வைத்திருந்த பிரிவு 303, இப்போது 340. பழைய எண்கள் ஒரே ராத்திரியில் வீண்.

2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில், சாதி பார்த்து வேலை கொடுக்கும் ஜெயில் விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டு விதியும் அதில் சேர்த்தி. பாளையங்கோட்டையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்ததும் விசாரிக்கப்பட்டது. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்த விதி எழுத்தில்தான் இருந்தது. அந்த எழுத்து அதிகாரியின் அறையில் இருந்தது. மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்த உத்தரவு. திருத்திய பக்கம் தமிழில் கைதிகளின் கைக்கு வந்ததா என்று, உள்ளே போய் வரும் எங்கள் பசங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.