பதினைவரா, பதினைந்து படுக்கைகளா? திருமுக்கூடல் ஆதுலர் சாலையின் கணக்கு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைக் குறிக்கிறது. காலம் வீரராசேந்திரன் ஆட்சி (1063–1070). ஆண்டைச் சிலர் 1067 என்பர், சிலர் 1069 என்பர். இங்கே பேசப்போவது அந்தச் சிக்கலைச் சார்ந்ததன்று.

1930களில் வெளிவந்த ‘சோழர்கள்’ நூலில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, இச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் கல்லைப் பார்க்காமலே அதை எடுத்தாண்டனர். 15 படுக்கையில் தொடங்கி இன்றைய ஆயிரக்கணக்கான படுக்கைகள் வரை ஒரே கோட்டில் வளர்ச்சியை வரைவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடு தவறு என்பதே என் வாதம்.

கல்லில் எண்ணப்படுவது படுக்கையன்று, ஆள். வியாதிப்பட்டுக் கிடப்பார் பதினைவர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நாழி அரிசி. ஆகக் குறுணியும் ஏழு நாழியும். குறுணிக்கு எட்டு நாழி என்பதால் கூட்டிப் பார்த்தால் சரியாகப் பதினைந்து வருகிறது. அதாவது 15 என்ற எண் அரிசிக் கணக்கின் உறுப்பு. ‘கிடப்பார்’ என்பதைப் படுக்கை என்று கொண்டதில்தான் பிசகு நேர்ந்தது. ‘நாலு நாளா ஆஸ்பத்திரியில கிடக்கிறார்’ என்று இன்றும் சொல்கிறோம். அப்படிச் சொல்லக் கட்டில் வேண்டியதில்லை, திண்ணை போதும். நோயாளிகளுக்கான ஒதுக்கீட்டில் அரிசி, மருந்து, இரவு விளக்கெண்ணெய் எல்லாம் வருகின்றன. கட்டிலுக்கு ஒரு காசு ஒதுக்கியதாக நான் காணவில்லை. இல்லாததைக் கொண்டு வாதிடுவது வலுவற்றது என்பதை அறிவேன். ஆனால் வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை (அறுவை மருத்துவம்) செய்வாருக்கு 30 கலம், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் ஒரு காசும், நாவிதருக்கு 15 கலம் என்று அளந்து வெட்டிய கை, கட்டிலை மட்டும் மறந்திருக்குமா? 90 கலத்தை 360 நாளுக்குப் பகுத்தால் நாளுக்கு முக்குறுணி. 30 கலத்தைப் பகுத்தால் ஒரு குறுணி. ஊதியமும் உணவும் ஒரே முகத்தலளவையில் ஓடுகின்றன. இந்தக் கணக்கின் அலகு நெல்.

சாஸ்திரியாருக்கு நியாயம் செய்ய வேண்டும். பதினைவர் கிடக்க இடம் இருந்திருக்கத்தான் வேண்டும். அவர் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினார். ஆளுக்கு நாழி அரிசி என்பதையும் அவரே பதிந்திருக்கிறார். என்றாலும் வேறுபாடு சிறிதன்று. பதினாறாமவர் வந்திருந்தால் அவரைத் தடுத்திருக்கக்கூடியது இடம் அன்று, நிவந்தம் என்னும் கோயில் ஒதுக்கீடு. சாலை பெருக வேண்டுமானால் புதிய கட்டடம் எழுவதற்கு முன் புதிய நெல் வரவேண்டும். சேர்த்துவைத்த இருபதளவான மருந்துகளும் அந்தப் பதினைவருக்கு மட்டுமா, கோயிற் பள்ளி மாணவருக்கும் பணியாளருக்குமா என்பது இன்னும் தீராத கேள்வி. பின்னது என்றே கருதுகிறேன். அப்படியானால் 15ஐ மருத்துவமனையின் அளவு என்று கொள்ள இன்னும் இடம் குறைகிறது.

படுக்கை அலகானது மிகப் பிந்தியது. 1902இல் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஷெல் மருத்துவமனையை 40 படுக்கை என்றே அறிகிறோம். அங்கே கட்டில்தான் கணக்கு. ஆனால் சோற்றுக் கணக்கு உடனே ஒழிந்துவிடவில்லை. 1782 பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி ஊற்றத் திறந்த மணியக்காரர் சத்திரம் நோயாளர் இல்லமாகி, பெருகி, ஸ்டான்லி மருத்துவமனையாயிற்று. வடசென்னை முதியவர்கள் அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள்.