'நீ'யும் 'நீங்க'ளும்

புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த பேரன், "தெரியாதவங்ககிட்ட எப்படித் தாத்தா பேச்சை ஆரம்பிக்கறது?" என்று கேட்டான். "'நீங்க'ன்னு ஆரம்பி" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆசிரியரிடம் 'த்யூ' என்று வாய் தவறினால் அன்று தொலைந்தோம். 'வூ' என்றுதான் சொல்லவேண்டும். 'த்யூ' என்றால் நீ. 'வூ' பன்மைச் சொல். மரியாதைக்காக ஒருவரையே பலராக்கிப் பேசுவது. தமிழிலும் இதே கதைதான். பழந்தமிழில் பன்மையாக இருந்த 'நீர்' பிறகு ஒருவரை மதித்துச் சொல்வதாயிற்று. பின்னர் அந்த இடத்துக்கு 'நீங்கள்' வந்தது.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களுக்கு இந்த 'வூ' பிடிக்கவில்லை. 1792லேயே 'முசியே', 'மதாம்' போய், எல்லோரும் 'குடிமகன்', 'குடிமகள்' ஆகிவிட்டார்கள். 1793 அக்டோபர் 31 அன்று பாரீஸ் மக்கள் சங்கங்களின் சார்பில் சிலர் தேசிய மன்றத்துக்கே மனுவோடு வந்தார்கள். எல்லோரும் எல்லோரையும் 'த்யூ' என்றே பேசவேண்டும், அப்போதுதான் கர்வம் குறைந்து சகோதரத்துவம் வளரும் என்பது அவர்கள் வாதம். மன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. ஆனாலும் அரசாங்கக் கடிதங்களில்கூட 'த்யூ' புகுந்தது. (புதுச்சேரி அந்த ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் நாம் தப்பித்தோம்!) 1794 ஜூலையில் ரொபெஸ்பியர் தலை விழுந்தது, பிறகு மெல்ல மெல்ல 'வூ' திரும்பி வந்தது.

நம் பக்கத்தில் பெரியார் இதைத் தலைகீழாகச் செய்தார். சின்னப் பையனையும் 'வாங்க, போங்க' என்றே அழைப்பார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்வார்கள். அங்கே எல்லோரையும் 'நீ'க்கு இறக்கிச் சமமாக்கப் பார்த்தார்கள். இவர் எல்லோரையும் 'நீங்க'ளுக்கு ஏற்றினார். எனக்கு இதுவே சரியாகப்படுகிறது.

இப்படி இன்று எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்தப் புத்தி இல்லை. பேண்ட் போட்டு வந்தால் 'சார், உட்காருங்க'. அழுக்கு வேட்டியும் துண்டுமாக வந்தால் 'என்னய்யா, நீ அப்புறம் வா'. மூத்த குமாஸ்தாக்களிடம் கற்றது. என் அப்பா வயதுள்ள ஒருவரை, பிறப்புச் சீட்டு இல்லை என்று மூன்று நாள் அப்படித் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் மாலை கடற்கரையில் என் பழைய ஆசிரியரைச் சந்தித்தேன். வார்த்தைக்கு வார்த்தை 'வூ' போட்டு வாய் குழைந்தது. காலையில் பேசியதும் இதே வாய்தானே என்று சட்டென உறைத்தது.

மறுநாளும் அந்தப் பெரியவர் வந்தார். "உட்காருங்க ஐயா, என்ன கொண்டு வந்திருக்கீங்க?" என்றேன். பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். "இதுல எது வேணும்னு எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார்.

பிறப்புச் சீட்டு மேலாகவே இருந்தது.