கடும் மனச்சோர்வு மருத்துவம்: மருந்தும் உரையாடலும் இணைந்த வரலாறு

கடும் மனச்சோர்வு நோய்க்கு மருந்தையும் உரையாடல்வழிச் சிகிச்சையையும் ஒருங்கே அளிப்பது இன்று ஏற்கப்பட்ட முறையாகும். எனினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரண்டும் எதிரெதிர் அணிகளாகவே நின்றன. அவை இணைந்த வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1957இல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். ஆயினும், அமெரிக்காவில் அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்த உளப்பகுப்பாய்வாளர் பலர், மருந்து நோயின் வேரைத் தொடாது எனக் கருதினர்.

இக்கருத்தின் விளைவை ஒரு வழக்குப் புலப்படுத்துகிறது. 1979இல் மேரிலாந்திலுள்ள செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் சேர்ந்த மருத்துவர் ஒருவருக்கு ஏறத்தாழ ஏழு மாதம் மருந்தின்றி உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையே அளிக்கப்பட்டது. அவர் மேலும் நலிவுற்றார். பின்னர் வேறொரு மருத்துவமனையில் மருந்து பெற்றுச் சில மாதங்களில் தேறினார். 1982இல் அவர் தொடுத்த வழக்கு, 1987இல் தீர்ப்பின்றி உடன்பாட்டில் முடிந்தது. இதனை முன்வைத்து 1990இல் ஜெரால்டு கிளெர்மன், பயன் மெய்ப்பிக்கப்பட்ட சிகிச்சையைப் பெறுவது நோயாளியின் உரிமை என வாதிட்டார். அவர் உரையாடலுக்குப் பகைவர் அல்லர் என்பது கருதத்தக்கது. மிர்னா வைஸ்மன் முதலியோருடன் இணைந்து, மனித உறவுகளை மையமாகக் கொண்ட உரையாடற் சிகிச்சையை உருவாக்கியவரும் அவரே. இரண்டையும் ஒரே அளவுகோலால் சோதிக்க வேண்டும் என்பதே அவர்தம் நிலைப்பாடு.

அத்தகைய சோதனைகளுள் 2000இல் மார்ட்டின் கெல்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. நாட்பட்ட மனச்சோர்வுடைய 681 பேர் அதில் பங்கேற்றனர். பன்னிரண்டு வார முடிவில், மருந்து மட்டும் பெற்றோரிலும் உரையாடல் மட்டும் பெற்றோரிலும் 48 விழுக்காட்டினர் பயன் கண்டனர். இரண்டும் பெற்றோரில் 73 விழுக்காட்டினர் பயன் கண்டனர். ஆய்வில் பயன்பட்ட நெஃபசோடோன் மருந்தைக் கல்லீரல் பாதிப்பு அச்சத்தின் பின்னணியில் அதன் நிறுவனம் 2004இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. எனினும், இணைப்பின் பயனைப் பிற ஆய்வுகளும் உறுதிசெய்தன.

மனநல மருத்துவர் அரியராக உள்ள இந்தியாவில், உரையாடலை யார் நிகழ்த்துவது என்னும் வினா எழுகிறது. 2017இல் வெளியான கோவா ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. ஆரம்பச் சுகாதார நிலையங்களில், பயிற்சி மட்டுமே பெற்ற பொது ஆலோசகர்கள் வழக்கமான மருத்துவத்துடன் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினர். மூன்று மாத முடிவில் அவர்களிடம் வந்தோரில் 64 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 39 விழுக்காட்டினரும் நோய் தணிந்தனர்.

ஆகவே, கொள்கைப் பற்றினால் ஒரு பாதியை மறுத்தபோது இழப்பு நோயாளிக்கே நேர்ந்தது என்பதும், நிபுணர் இன்மையால் மறு பாதியை மறுப்பதும் அத்தகையதே என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படும்.