இசைத்தட்டில் அகப்பட்ட குரல்கள்

யுத்தத்தின் கதையை நமக்குச் சொல்லுவோர் யாவர்? தளபதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதுகின்றனர். அரசுகள் வெற்றித் தூண்களை நாட்டுகின்றன. துப்பாக்கி சுமந்த விவசாயியின் குரலோ அரிதாகவே நம் செவிக்கு எட்டுகிறது. அத்தகைய குரல்கள் சில பேர்லின் நகரில் பேணப்பட்டு வருகின்றன.

முதலாம் உலக யுத்தத்திலே பிரித்தானிய ஏகாதிபத்தியம் 13 இலட்சம் வரையான இந்தியரைச் சிப்பாய்களாகவும் தொழிலாளராகவும் ஈடுபடுத்தியது. அவர்களில் 70,000க்கும் அதிகமானோர் மாண்டனர். போர்முனையில் பிடிபட்டோர் பலர் பேர்லினுக்குத் தெற்கேயுள்ள வூன்ஸ்டோர்ஃப் என்னும் ஊரின் 'பிறைமதி முகாமில்' அடைக்கப்பட்டனர். கைதிகளைப் பிரித்தானியாவுக்கு எதிராகத் திருப்பும் நோக்குடன் ஜேர்மன் அரசு அங்கே 1915இல் மரத்தாலான பள்ளிவாசல் ஒன்றையும் எழுப்பியது. விடுதலை வேட்கை மீதான பரிவு அன்று அது. ஓர் ஏகாதிபத்தியத்தின் அடிமைகளை மற்றோர் ஏகாதிபத்தியம் தன் கருவியாக்க முயன்றது, அவ்வளவே.

அதே ஆண்டில் கார்ல் ஷ்டும்ப் தலைமையில் ஒலிப்பதிவுக் குழுவொன்று அமைந்தது. வில்ஹெல்ம் டேகன் அதன் பணிகளை ஒழுங்குசெய்தார். அறிஞர்கள் முகாம்தோறும் சென்று, 1918 வரையில் ஏறத்தாழ 250 மொழிகளையும் கிளைமொழிகளையும் பதிந்தனர். 1,600க்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் இவ்வாறு உருவாயின. கைதியின் பெயர், வயது, பிறந்த ஊர், கல்வி முதலியன தாளில் குறிக்கப்பட்டன. அவன் குரலின் தன்மையும் மதிப்பிடப்பட்டது. அவன் துயரத்தைக் குறிக்க அத்தாளில் இடமிருக்கவில்லை. வீடு திரும்பிய ஊதாரி மகனின் விவிலியக் கதையைக் கைதிகள் பலர் தம் மொழியிற் சொல்லவேண்டியிருந்தது. வீடு திரும்ப இயலாதவர் வாயில் அக்கதை!

எனினும் மனிதன் வெறும் மொழி மாதிரியாக அடங்கிவிடுவதில்லை. 1916 டிசம்பர் 11ஆம் திகதி பஞ்சாபிச் சிப்பாய் ஒருவர் ஒலிவாங்கிக் குழல் முன் நின்றார். 'நான்' என்று அவர் சொல்லவில்லை. யாரோ ஒருவனின் கதைபோலப் பேசினார். இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்தவன் ஐரோப்பிய யுத்தத்துக்கு வந்து ஜேர்மனியரிடம் பிடிபட்டான்; அவன் தன் நாட்டுக்கே திரும்ப விரும்புகிறான் என்றார். இலக்கணம் தேடிய பேராசிரியர்களின் தட்டிலே சாதாரண மனிதனின் சாட்சியம் பதிந்துவிட்டது.

90 ஆண்டுகள் கழிந்து, 2007இல், பிலிப் ஷெஃப்னரின் ஆவணப்படமும், அவரும் ஆய்வாளர் பிரிட்டா லாங்கேயும் பேர்லினில் அமைத்த காட்சியும் இக்குரல்களை மக்கள் செவிக்குக் கொணர்ந்தன. இத்தகைய முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இருண்ட அறையில் ஒரு குரலைக் கேட்டு மனமுருகி வெளியேறுவதுடன் கடமை தீர்ந்துவிடாது. யார் குழலைப் பிடித்தனர், யார் பேசவைக்கப்பட்டனர் என்பதையும் நூதனசாலை கூறவேண்டும்.

நம் வகுப்பறைகளுக்கும் இது பொருந்தும். உடன்படிக்கைகளின் ஆண்டுகளை மாணவர் மனனம் செய்கின்றனர். அந்த யுத்தத்தைச் சுமந்தவன் என்ன சொன்னான் என்ற வினாவையும் அவர்கள் எழுப்பட்டும். வரலாற்றுக் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.