குஞ்சுகளுக்குச் சூடு: கரண்ட் நின்ற பிறகு என்ன செய்வீர்கள்?

சாம்பல்தீவில் எங்கள் ஒழுங்கையில் கோழி இல்லாத வீடு குறைவு. போரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, 2004 ஆழிப்பேரலையில் மறுபடியும் இழந்த குடும்பங்கள் கையில் காசு பார்ப்பதற்கு முதலில் தொடங்குவது பெரும்பாலும் கோழிதான். தீவனம், தடுப்பூசி பற்றியெல்லாம் விசாரிப்போம். சூடு பற்றி விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. ஒரு மாரி இரவில் ஐம்பது ஒருநாள் குஞ்சுகளில் பத்தொன்பதை இழந்தேன்.

அன்று நடந்தது இதுதான். சதுரப் பலகைப் பெட்டி, நடுவில் ஒரு பல்ப். நடுச்சாமத்தில் கரண்ட் நின்றது. குளிர்ந்த குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிச் செத்தன. குளிரை விட நெரிசல்தான் கொன்றது.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காக்க மூன்று கிழமையாவது செல்லும். முதல் கிழமையில் அதன் மட்டத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை வேண்டும். பிறகு கிழமைக்கு 3 பாகை அளவில் குறைக்கலாம். பகலில் எங்கள் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். வாடைக்காற்றும் மழையும் உள்ள இரவுகள்தான் ஆபத்து.

எதைத் தெரிவு செய்வது? எல்ஈடி பல்ப் வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய இழை பல்ப் வேண்டும். ஒரு குஞ்சுக்கு 2 வாட் அளவு என்று கணக்குப் பாருங்கள். ஐம்பது குஞ்சுக்கு 100 வாட்டில் ஒன்றைவிட 60 வாட்டில் இரண்டு நல்லது. ஒன்று எரிந்துபோனாலும் மற்றது நிற்கும். இரண்டும் இரவில் 12 மணித்தியாலம் எரிந்தால் இரண்டு கிழமையில் 20 அலகு அளவில் ஏறும். மாதம் 60 அலகுக்குள் நிற்கப் பார்க்கும் வீடுகள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்கவேண்டும். 250 வாட் அகச்சிவப்பு பல்ப் பெரிய தொகைக்குத்தான். ஐம்பது குஞ்சுக்கு அது வீண்செலவு.

பல்புக்கு மேல் தகர மூடி போட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கம்பியில் கட்டுங்கள். வயரில் தொங்கவிடாதீர்கள், கீழே கிடப்பது உமி, விழுந்தால் தீ. பெட்டிக்குப் பதிலாக ஒன்றரை அடி உயர மட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளையுங்கள். மூலை இருக்காது. சூடு ஒரு பக்கமாகவும் தண்ணீர் மறுபக்கமாகவும் இருக்கட்டும். வேண்டிய இடத்தைக் குஞ்சே தேடிக்கொள்ளும்.

வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்பின் கீழ் குவிந்து கத்தினால் குளிர். விலகி நின்று வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தால் காற்று வருகிறது. பரவிப் படுத்திருந்தால் சரி.

இனி கரண்ட். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை யாரும் மறக்கவில்லை. கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. வேண்டாம். அந்த நச்சுவாயுவுக்கு மணமில்லை. குஞ்சையும் கொல்லும், பக்கத்து அறையில் படுக்கும் பிள்ளையையும் கொல்லும். நான் இப்போது செய்வது வேறு. துளையிட்ட மட்டைப்பெட்டிகளில் உமி பரப்பி, பெட்டிக்குப் பன்னிரண்டு பதின்மூன்றாகக் குஞ்சுகளைப் பிரித்து விடுகிறேன். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்து, மேலே சாக்கைப் பாதி மூடுகிறேன். பொரிப்பகங்களிலிருந்து குஞ்சுகள் வருவதும் இப்படித்தான்: சிறு அறைகள், ஒன்றின் சூடு மற்றதற்கு. போத்தல் ஆறினால் மாற்றவேண்டும், நித்திரை கெடும்.

அடைகிடக்கும் நாட்டுக்கோழி வீட்டில் இருந்தால் இருட்டிய பிறகு பத்துக் குஞ்சுகளை அதன் கீழ் மெதுவாக விட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பல்பும் வேண்டாம், போத்தலும் வேண்டாம். விடியுமுன் ஒருக்கால் பாருங்கள், சில கோழிகள் கொத்தும். இரவில் கண்விழிக்க ஆளில்லாத வீடுகளுக்கு, விலை கூடினாலும் ஒருமாதக் குஞ்சு வாங்குவதே என் ஆலோசனை.

நான்காம் கிழமையில் முதுகிலும் இறகு மூடியபின் பல்பை நிறுத்தலாம். மழை இரவில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் இரவு, நடுச்சாமத்தில் டோர்ச்சோடு ஒருதரம் போய்ப் பாருங்கள்.