இருட்டறையின் மரத்தொட்டி

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்குப் பெற்றோரின் பழைய நிழற்படம் பெருஞ்செல்வம். அது மங்காதிருப்பதற்குப் படம் பிடித்தவரின் திறமை மட்டுமே காரணமன்று. இருட்டறையில் அதைக் கழுவிய தொட்டிக்கும் அதில் பங்குண்டு.

1851-இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின் மேற்பூச்சு உலருமுன்னரே படம் பிடித்துத் துலக்கிவிட வேண்டும். ஆகவே, படக்கலைஞர் சென்ற இடமெல்லாம் இருட்டறையும் உடன் சென்றது. 1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், இமயமலைப் பயணங்களில் சுமையாட்களைக் கொண்டு இருட்டுக் கூடாரத்தை எடுத்துச் சென்றார். பீங்கான் தட்டு கனமானது, எளிதில் உடைவது. எனவே, மரத்தொட்டி செய்துகொண்டவர்களும் உண்டு.

ஆனால், மரம் நீரைக் குடிக்கும். நீரோடு மருந்தையும் குடிக்கும். படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ மரத்தில் ஊறிவிட்டால், அடுத்த படத்தைக் கழுவும்போது மெல்லக் கசியும். படத்தில் தங்கிய ஹைப்போ நாளடைவில் அதை மங்கச் செய்யும். மறைந்தவரின் முகம் இவ்வாறு அழிந்தால் மீண்டும் பெற வழி ஏது?

இதற்குக் காப்பாக வந்தவற்றுள் ஒன்று நம் நாட்டு அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரப்பது அது. தூய்மை செய்த அவலரக்கு கல்கத்தாத் துறைமுகம் வழியே பல நாடுகளுக்கும் சென்றது. அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் தொட்டியின் உட்புறம் பலமுறை பூசினர். கொலோடியன் காலத்துத் துலக்கு நீர் அமிலத்தன்மை உடையது. அரக்கு அதைத் தாங்கியது.

1871-இல் ரிச்சர்டு மாடக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டை அறிமுகப்படுத்தினார். பின்னர்ச் சலவைச் சோடா சேர்ந்த காரத் துலக்கு நீர் பரவியது. காரத்திலோ அரக்கு கரைந்துவிடும்! ஆகவே, நிலக்கீல் பூச்சும் பாரபின் மெழுகும் வேண்டியதாயின. 1820-களில் பிரெஞ்சுக்காரரான நீயெப்ஸ் உலகின் முதல் நிழற்படங்களைப் பதித்ததும் நிலக்கீல் பூசிய தகட்டிலேதான் என்பது நினைக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எப்பாக்சிப் பிசின் வந்தது.

எப்பூச்சாயினும், கசிவு தொடங்குவது பெரும்பாலும் பலகைகளின் பொருத்துகளிலும் குறுக்கே அறுத்த முனைகளிலுமே. தேர்ந்த கைவினைஞர் அங்கே மீண்டும் மீண்டும் பூசினர். பூசுமுன், எந்த நீர் இதில் நிற்கப் போகிறது என்றும் கேட்டனர். அரக்கு கற்பித்த பாடம் அதுவே. நம் வீட்டுச் சுவரில் இன்றும் தெளிவாக விளங்கும் முகங்களுக்குப் பின்னால், பெயர் தெரியாத இத்தகையோரின் கவனம் நிற்கிறது.